வைலம்: ஒரு கொல்லரின் பெயரைத் தேடி நான்கு நாட்கள்

செப்டம்பர் 18, 2025, வியாழன்

லீட்ஸில் அலுவலக வேலை நேற்றோடு முடிந்தது. ஊருக்கு விமானம் திங்கட்கிழமைதான். நடுவில் நான்கு நாள் கையில் இருந்ததால் லண்டனைப் பார்த்துவிட்டு வா என்று உடன் வேலை செய்கிறவர்கள் சொன்னார்கள். நான் வைலம் போகப் போகிறேன் என்றபோது அவர்களில் ஒருவருக்கும் அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. நியூகாசிலுக்கு மேற்கே பத்து மைல் தூரத்தில், டைன் ஆற்றங்கரையில் இருக்கிற சின்ன கிராமம். ‘ரயில்வேயின் தந்தை’ என்று சொல்லப்படுகிற ஜார்ஜ் ஸ்டீவன்சன் பிறந்த ஊர்.

அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் கொல்லுப் பட்டறைக்காரர். முப்பது வருடத்துக்கு மேல் சம்மட்டி பிடித்த கை. சின்ன வயதில் எங்களுக்குச் சாமி பெயர்களோடு சேர்த்து ஸ்டீவன்சன் பெயரும் தெரியும். நான் இங்கிலாந்து கிளம்பும்போது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ஸ்டீவன்சன் பேரு ஊருக்கே தெரியும் தம்பி. அந்தக் காலத்துல முதமுதல்ல இன்ஜினை அடிச்சுச் செஞ்ச கொல்லன் ஒருத்தன் இருந்திருப்பான்ல, அவன் பேரு என்னன்னு பாத்துட்டு வா." இதைத் தேடித்தான் வந்திருக்கிறேன்.

நியூகாசில் வரை சிக்கல் இல்லை. அங்கிருந்து வைலம் போகிற ரயில் ரத்து என்று பலகையில் வந்தது, அடுத்ததும் ரத்து. காரணம் எதுவும் எழுதவில்லை. நம் ஊர் என்றால் இந்நேரம் ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்கு முன்னால் ஐம்பது பேர் நின்றிருப்பார்கள். இங்கே எல்லாரும் பலகையை ஒருமுறை பார்த்து, பெருமூச்சு விட்டு, அமைதியாகக் கலைந்து போனார்கள். எனக்கு எங்கே போவது என்று தெரியவில்லை. பக்கத்தில் நின்ற ஓர் அம்மா, எழுபது வயது இருக்கும், என் முகத்தைப் பார்த்துவிட்டு "எங்க போகணும், பெட்?" என்று கேட்டார். இந்தப் பக்கத்துப் பெண்கள் முன்பின் தெரியாதவர்களைக்கூட ‘பெட்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். நம் கொங்குப் பக்கத்தில் ‘கண்ணு’ என்பார்களே, கிட்டத்தட்ட அதே நெருக்கம். தன் வேலையை விட்டுவிட்டு என்னைப் பேருந்து நிறுத்தம் வரை கூட்டிக்கொண்டு போய், வண்டி வரும்வரை நின்று, ஓட்டுநரிடம் "இவரை வைலத்துல இறக்கி விடுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். டிக்கெட் 3 பவுண்டுக்குள் முடிந்தது.

இறங்கும்போது மழை. பெரிய மழை இல்லை, ஆனால் குடையை மதிக்காமல் பக்கவாட்டில் வருகிற மழை. தங்கும் அறை இரவுக்கு 85 பவுண்டு, காலை உணவோடு. நம் காசில் பத்தாயிரம் ரூபாய் என்று கணக்குப் போட்டுப் பார்த்தபோது நெஞ்சு கொஞ்சம் கனத்தது. இரவு மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் சாப்பிட்டேன், 12 பவுண்டு சொச்சம். மீன் என் முழங்கை நீளம் இருந்தது. மேல்மாவு மொறுமொறுப்பு, உள்ளே வெள்ளை வெளேரென்று சதை, உப்பைத் தவிர மசாலா என்று எதுவும் கிடையாது. அறையின் ஜன்னலைத் திறந்தால் ஆற்றின் சத்தம் கேட்கிறது.

செப்டம்பர் 19, வெள்ளி

காலையில் மழை விட்டிருந்தது. ஸ்டீவன்சன் வீடு ஊருக்குக் கிழக்கே, பழைய வண்டிப்பாதையில் முக்கால் மைல் போல நடந்தால் வரும் என்று விடுதிக்காரர் சொன்னார். எனக்குத் திசை பிடிபடவில்லை. ஆற்றை ஒட்டிப் போன பாதையில் மேற்கே நடந்துவிட்டேன். இருபது நிமிடம் நடந்தும் வீட்டைக் காணோம், எதிரே ஒரு இரும்புப் பாலம் வந்தது.

தவறான வழி என்றாலும் அந்தப் பாலத்தைப் பார்க்காமல் போயிருந்தால் வருந்தியிருப்பேன். ஹாக் பேங்க் பாலம், 1876இல் கட்டியது. ஆற்றுக்குள் ஒரு தூண்கூட இல்லை. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு வில் போல ஓர் இரும்பு வளைவு, பாதை முழுவதும் அந்த வளைவிலிருந்து தொங்குகிறது. நியூகாசிலில் இருக்கிற பெரிய டைன் பாலம், சிட்னி துறைமுகப் பாலம் எல்லாம் இதே முறையில் பிறகு வந்தவை. ரயிலுக்காகக் கட்டிய பாலம் இது. 1968இல் பாதையை மூடிவிட்டார்கள், இப்போது சைக்கிள்காரர்களும் நாயோடு நடக்கிறவர்களும் போகிறார்கள். ரிவெட் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். அப்பா என்றால் எண்ணியே இருப்பார்.

பாலத்துக்குக் கீழே ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று தூண்டில் வீசிக்கொண்டிருந்தார். என்ன மீன் என்று மேலிருந்தபடி கேட்டேன். சால்மன் என்றார். அப்புறம் கரையேறி வந்து, ஃபிளாஸ்கிலிருந்து மூடியில் தேநீர் ஊற்றி என்னிடம் நீட்டினார். அவர் அப்பா காலத்தில் இந்த ஆற்றில் சால்மனே இல்லையாம். கீழே நியூகாசில் பக்கத்து ஆலைக் கழிவும் ஊர்ச் சாக்கடையும் சேர்ந்து, கடலிலிருந்து ஏறி வர வேண்டிய மீனுக்கு மூச்சு முட்டிப் போனது. 1950களின் கடைசியில் தூண்டிலில் ஒரு சால்மன்கூட விழாத வருடம் இருந்திருக்கிறது. கழிவைச் சுத்தம் செய்து, மேலே கீல்டரில் குஞ்சு பொரிக்க வைத்து ஆற்றில் விட்டு, இன்று இங்கிலாந்திலேயே சால்மனுக்குப் பேர்போன ஆறு இதுதான். இதைச் சொல்லும்போது அந்த மனிதரின் முகத்தில் சொந்தப் பிள்ளை பிழைத்து வந்தது போல ஒரு களை. எனக்கு நொய்யலும் பாலாறும் நினைவுக்கு வந்தன. ஒன்றும் சொல்லாமல் தேநீரைக் குடித்தேன்.

திரும்பி ஊருக்குள் வந்து, கிழக்கே நடந்தேன். மரங்களுக்கு நடுவே நேர்க்கோடு போட்டது போன்ற பாதை, ஏற்றம் இறக்கம் இல்லை. இந்தச் சமதளம்தான் சேதி. 1748 வாக்கிலேயே இங்கே மரத் தண்டவாளம் போட்டிருந்தார்கள். வைலம் சுரங்கத்து நிலக்கரியை வண்டியில் ஏற்றி, குதிரை பூட்டி, ஐந்து மைல் கிழக்கே லெமிங்டன் படித்துறைக்கு இழுத்துப் போவார்கள். அங்கிருந்து சின்னப் படகுகளில் ஏற்றி, கடல் முகத்தில் நிற்கிற கப்பல்களுக்கு. ஒரு வண்டியில் இரண்டரை டன்னுக்கு மேல் கரி.

வீடு அந்தப் பாதைமேலேயே இருக்கிறது. பாதைக்கு ஓரத்தில் என்றுகூடச் சொல்ல முடியாது, வாசலைத் திறந்தால் கால் பாதையில்தான் படும். இரண்டு மாடி ஓட்டு வீடு, சுவரில் ஒரு நினைவுப் பலகை. நான்கு குடும்பங்கள் ஆளுக்கோர் அறையில் இருந்த வீடு அது. 1781 ஜூன் 9இல் அதில் ஓர் அறையில் ஜார்ஜ் பிறந்தார். அப்பா ராபர்ட், சுரங்கத்துத் தண்ணீரை இறைக்கிற நீராவி எந்திரத்துக்குக் கரி தள்ளுகிறவர். அம்மா மேபல். இருவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. அந்த ஓர் அறையில்தான் சமையல், படுக்கை, பிரசவம் எல்லாம்.

கதவு பூட்டியிருந்தது. உள்ளே பார்க்க அனுமதி இல்லை என்று முன்கூட்டியே விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும். ஐயாயிரம் மைல் தாண்டி வந்து வாசலோடு நிற்பது வலிக்கத்தான் செய்தது. ஆனால் அந்த வாசலில் அரைமணி நேரம் நின்றதில் ஒன்று புரிந்தது. பிள்ளைகள் வெளியே ஓடி வண்டியில் அடிபடாமல் பார்த்துக்கொள்வதே அந்த வீட்டுப் பெரிய பிள்ளைகளுக்கு வேலையாக இருந்ததாம். பொன்மலை குவார்ட்டர்ஸில் நாங்களும் அப்படித்தான் வளர்ந்தோம், சங்கு ஊதினால் எழுந்து, சங்கு ஊதினால் சாப்பிட்டு. எட்டு வயது வரை நாள் முழுக்கத் தண்டவாளத்தையே பார்த்து வளர்ந்த பையனுக்கு வேறு எதன்மேல் ஆசை வரும்?

பள்ளிக்கூடம் கிடையாது. மாடு மேய்க்க நாளுக்கு இரண்டு பென்னி கூலி. பதினெட்டு வயதில், வேலை முடிந்து இரவு வகுப்புக்குப் போய்த்தான் தன் பெயரை எழுதக் கற்றுக்கொண்டார்.

செப்டம்பர் 20, சனி

இந்த ஊரில் ஒரு சின்ன ரயில் அருங்காட்சியகம் உண்டு, நூலகத்தோடு சேர்ந்தது, ஒரு அறைதான். சனிக்கிழமை காலையில் திறந்திருந்தது. கட்டணம் இல்லை. ஒரு முதியவரும் நானும் மட்டும். அவர் இந்த ஊர்க்காரர், என் கேள்வியைக் கேட்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "கொல்லர் பெயரைக் கேட்டு யாரும் வந்ததில்லை" என்றார்.

அவர் சொன்னதும் நான் சுவரில் படித்ததும் சேர்த்து இது. சுரங்கத்துக்குச் சொந்தக்காரர் கிறிஸ்டோபர் பிளாக்கெட். 1805இலேயே டிரெவிதிக் என்ற பொறியாளரின் வடிவத்தில் ஒரு நீராவி எந்திரத்தைக் கேட்ஸ்ஹெட்டில் செய்ய வைத்தார். மரத் தண்டவாளம் அதன் எடையைத் தாங்காது என்று தெரிந்ததால் அதை வாங்கவில்லை. 1808இல் மரத்தை எடுத்துவிட்டு வார்ப்பிரும்புத் தகடு போட்டார்கள். அது நெப்போலியனோடு சண்டை நடந்த காலம், படைக்கே குதிரையும் தீவனமும் போய்விட, சுரங்கக்காரர்களுக்குக் கொள்ளு விலை கட்டுப்படியாகவில்லை. எந்திரம் வேண்டும் என்ற தேவை அங்கே வந்தது.

ஆனால் ஒரு சந்தேகம் எல்லாருக்கும் இருந்தது. வழவழப்பான இரும்புச் சக்கரம் வழவழப்பான இரும்புத் தண்டவாளத்தில் பாரத்தை இழுக்குமா, நின்ற இடத்திலேயே சுற்றுமா? லீட்ஸில் 1812இல் பிளென்கின்சாப் என்பவர் இதற்குப் பயந்துதான் பல்சக்கரம் வைத்தார். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறுகிற நம் மலை ரயிலைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி ஏறுகிற மலையில் பல் இல்லாமல் முடியாது. சமதளத்தில்?

வைலம் சுரங்க மேலாளர் வில்லியம் ஹெட்லி ஒரு வேலை செய்தார். நீராவியே இல்லாமல் ஒரு வண்டி செய்து, அதன்மேல் ஆட்களை ஏற்றி, கைப்பிடியைச் சுற்றிச் சக்கரத்தை ஓட்ட வைத்தார். பின்னால் கரி வண்டிகளைக் கட்டி, எடையைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தார். சக்கரம் பிடித்துக்கொண்டது. உலகத்தில் இன்று ஓடுகிற ரயில்கள் அத்தனையும் அந்தக் கைப்பிடி சுற்றிய ஆட்களுக்குக் கடன்பட்டவை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவர்கள் பெயர் சுவரில் இல்லை.

அதற்குப் பிறகு 1813-14இல் ‘பஃபிங் பில்லி’ என்ற நீராவி ரயில் எந்திரம் வந்தது. ஹெட்லியோடு சேர்ந்து அதைச் செய்தவர்கள் இருவர். எந்திரக்காரர் ஜோனதன் ஃபார்ஸ்டர். கொல்லர் டிமதி ஹாக்வொர்த்.

கொல்லர்! பேனாவை எடுத்துக் கையில் எழுதிக்கொண்டேன். 1786இல் இதே வைலத்தில் பிறந்தவர். அவர் அப்பாவும் இதே சுரங்கத்தில் தலைமைக் கொல்லர். எட்டு டன் எந்திரம் ஓடும்போது வார்ப்பிரும்புத் தகடுகள் உடைந்துகொண்டே இருந்தன. நான்கு சக்கரத்தை எட்டாக்கி எடையைப் பிரித்தார்கள். பிறகு நல்ல தண்டவாளம் வந்ததும் மறுபடி நான்கு. வேகம் மணிக்கு ஐந்து மைல், நாம் விறுவிறுவென்று நடந்தால் கூடவே போகலாம். இப்படி 1862 வரை வேலை செய்தது. இப்போது லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்குச் சொந்தம், உலகில் மிஞ்சியிருக்கிற ரயில் எந்திரங்களில் அதுதான் மூத்தது. அதன் தம்பி ‘வைலம் டில்லி’ எடின்பரோவில். டில்லியை 1822இல் படகுக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது சக்கரத்தைக் கழற்றிப் படகில் ஏற்றி, படகு இழுக்க வைத்தார்களாம். வேலைநிறுத்தம் செய்தவர்களின் வயிறு என்ன பாடுபட்டிருக்கும் என்பதை அந்தப் பலகை சொல்லவில்லை. அப்பா தொழிற்சங்கக்காரர், அவரிடம் இதைச் சொன்னால் முதலில் அதைத்தான் கேட்பார்.

ஸ்டீவன்சனைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. 1825 செப்டம்பர் 27இல், நீராவி எந்திரம் ஓடிய முதல் பொது ரயில் பாதையான ஸ்டாக்டன்-டார்லிங்டன் பாதையில் வண்டியை ஓட்டியது அவர்தான், வருகிற சனிக்கிழமை அதற்கு 200 வருடம் நிறைகிறது. ஆனால் அந்தப் பாதையின் எந்திரங்களைப் பழுதாகாமல் ஓட வைக்க ஷில்டன் என்ற ஊரில் பொறுப்பேற்றவர் யார் என்றால், அதே ஹாக்வொர்த். ஒரு கிராமம், ஐந்து வருட இடைவெளியில் பிறந்த இரண்டு பையன்கள். ஒருவர் பெயர் பொன்மலை வரை வந்தது, இன்னொருவர் பெயரைத் தேடி நான் இவ்வளவு தூரம் வர வேண்டியிருந்தது. இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

மதியம் ஒரு சின்னக் கடையில் ஸ்டாட்டி சாப்பிட்டேன். தோசைக்கல் அகலத்துக்குத் தட்டையான, அழுத்தமான ரொட்டி, நடுவே பன்றித் தொடைக்கறியும் பீஸ் புட்டிங் என்ற மஞ்சள் மசியலும். வாயில் வைத்ததும் தெரிந்துவிட்டது, நம் கெட்டிப் பருப்புதான். பட்டாணிப் பருப்பை வேகவைத்து மசித்து உப்புப் போட்டது. கொஞ்சம் நெய்யும் சீரகமும் இருந்தால் வீட்டுச் சாப்பாடு. 6 பவுண்டு 50. கடைக்கார அம்மாவிடம் எங்கள் ஊரில் இதைச் சோற்றில் பிசைந்து குழந்தைக்கு முதல் உணவாக ஊட்டுவோம் என்றேன். "இங்கேயும் அப்படித்தான், பெட்" என்று சொல்லி, ஒரு கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் வைத்தார். காசு வாங்கவில்லை.

சாயங்காலம் அப்பாவுக்கு வீடியோ போட்டேன். ஊரில் இரவு பத்தரை, விழித்துக்கொண்டு இருந்தார். "டிமதி ஹாக்வொர்த்" என்றேன்.

"என்ன வொர்த்து?"

"ஹாக்வொர்த். சுரங்கத்துல தலைமைக் கொல்லர். அவங்க அப்பாவும் கொல்லர்தான்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "பாய்லர் தகடு அவன் கையாலதான் வளைச்சானா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நாளைக்கு யாரிடமாவது கேட்கிறேன் என்றேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

நல்ல வெயில், ஆனால் காற்று காதை அறுத்தது. சர்ச் மணி அடித்துக்கொண்டிருந்தபோது பாலத்தைத் தாண்டித் தென்கரைக்கு வந்தேன், ஸ்டேஷன் அந்தப் பக்கம்தான். நேற்றைய முதியவரை அங்கேயே பார்த்தேன், நாயோடு வந்திருந்தார். அப்பாவின் கேள்வியைச் சொன்னேன். கொல்லர்தான் தகடு வேலை செய்திருக்க வேண்டும், வேறு யார் செய்வார்கள் என்றார். அப்புறம் இன்னொன்றும் சொன்னார். ஹாக்வொர்த் மெதடிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஆழ்ந்த பக்தர். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வரச் சொன்னபோது முடியாது என்றுவிட்டார். அந்தத் தகராறில்தான் வைலம் வேலையை விட்டுப் போனார். பிறந்த ஊர், அப்பா பார்த்த வேலை, தான் செய்த எந்திரம், மூன்றையும் விட்டு. எந்திரம் ஊரிலேயே நின்றது, செய்தவர் போய்விட்டார்.

வைலம் ஸ்டேஷன் 1835இல் திறந்தது. இன்னும் ஓடிக்கொண்டிருக்கிற உலகின் மிகப் பழைய ஸ்டேஷன்களில் ஒன்று. இரண்டு பிளாட்பாரமும் எதிரெதிராக இல்லாமல் கொஞ்சம் தள்ளித் தள்ளி இருக்கின்றன. சிக்னல் அறை தண்டவாளத்துக்குப் பக்கத்தில் இல்லை, தண்டவாளத்துக்கு மேலேயே, இரும்புக் கால்களில் நிற்கிறது. ரயில் அதன் வயிற்றுக்குக் கீழே புகுந்து போகும். நிறைய ஸ்டேஷன் பார்த்து வளர்ந்தவன், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. ஐந்தாறு படம் எடுத்தேன். லெவல் கிராசிங்கில் நின்ற ஒரு சைக்கிள்காரர் நான் படம் எடுத்து முடிக்கும்வரை ஒதுங்கி நின்றார்.

இன்று ரயில் வந்தது, சொன்ன நேரத்துக்கு. இரண்டு பெட்டி டீசல் வண்டி. ஏறி உட்கார்ந்ததும் அம்மாவிடமிருந்து ஒரு படம் வந்திருந்தது. வீட்டு முருகன் காலண்டரில், நேற்றைய தேதிக்குப் பக்கத்தில், அப்பா பென்சிலில் எழுதியிருந்தார், தமிழில், கொட்டை எழுத்தில்: ‘டிமதி ஆக்வொர்த். கொல்லர். வைலம்.’